சோடா வண்டியில் மின்பு வரை

1926 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, விடிகாலை ஐந்து மணி. ரங்கூன் பபேடானில் என் வீட்டு வாசலில் சோடா ஏற்றும் ஒரு மோட்டார் வண்டி வந்து நின்றது. புட்டி அடுக்கும் பலகைகளைக் கழற்றிவிட்டு, உள்ளே பாய் விரித்து, அடுப்பும் அரிசியும் ஏற்றியிருந்தார்கள். ஓட்டுபவர் கோ துன், வண்டிக்குச் சொந்தக்காரர். பக்கத்தில் என் தங்கை வள்ளி. அந்தப் பர்மியரை அவள் மணந்து இரண்டு வருஷம். அவரோடு எனக்குப் பேச்சில்லை. மின்புவின் சேற்று ஊற்றுகளைப் பார்க்கும் ஆசைதான் என்னை வண்டியில் ஏற்றியது.

முப்பது மைல் ஓடி, மாவ்பியில் காலை ஆகாரம். மீன்குழம்பு ஊற்றிய அரிசிச் சேவையான மொகிங்கா, கிண்ணம் ஓரணா. கோ துன் தன் பங்கு முட்டையை எடுத்து என் கிண்ணத்தில் போட்டார். நான் தலை நிமிராமல் தின்றேன்.

"ஒரு வார்த்தை பேசினா என்னண்ணே?" என்றாள் வள்ளி.

"அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டட்டும்."

மாலையில் ப்ரோம். ஆற்றங்கரையில் சமைத்து, அங்கேயே தங்கினோம். மறுநாள் மக்வேயில் இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் வண்டியோடு ஐராவதியைக் கடந்தோம். கூலி இரண்டு ரூபாய். மின்புவுக்கு வெளியே குன்றடியில் இரண்டாவது முகாம்.

திங்கள் காலை ஏழு மணிக்கு ஏறினோம். புல் முளைக்காத சாம்பல் நிறக் குன்று. உச்சியில் ஒரு சேற்றுக் குட்டை, களி கிண்டும் பானையைப் போலக் குமிழியிட்டு வெடித்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் வாடை வேறு. அடியில் நாகம் மூச்சு விடுகிறதாம்.

"ஓரம் வேணாம் மச்சான். மேலேதான் காஞ்சிருக்கு, உள்ளே ஈரம்," என்றார் கோ துன்.

மச்சானாமே! வீம்புக்கு இரண்டடி முன்னே வைத்தேன். பொருக்கு உடைந்தது. இடுப்புவரை இறங்கிவிட்டேன். "ஐயோ, வெந்தேன்!" என்று அலறிய பிறகுதான் தெரிந்தது, அந்தச் சேறு கிணற்றுத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. ஆனால் அசைய அசைய உள்ளே இழுத்தது. வள்ளி அழ ஆரம்பித்தாள். கோ துன் லுங்கியை அவிழ்த்து, கால்சட்டையோடு குப்புறப் படுத்து, அதன் ஒரு முனையை என் பக்கம் வீசினார்.

"ஆடாதீங்க! பிடிங்க!"

"மாப்பிள்ளை, விட்டுடாதீங்க!"

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை. அங்குலம் அங்குலமாக இழுத்துக் கரையேற்றினார். ஒரு செருப்பு நாகத்துக்குப் போயிற்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டே வள்ளி சிரித்தாள். "இன்னொரு தரம் கூப்பிடுங்கண்ணே, இவருக்குச் சரியா கேக்கலையாம்."

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றார் அவர், மூச்சு வாங்க. "ஆனாலும் கூப்பிடட்டும்."

ஆற்றில் மூவரும் குளித்துவிட்டுத் திரும்பினோம். பின்னால் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஓரத்தில் நிற்காதீர்கள், நல்ல துணையோடு போங்கள். ரங்கூனில் கெட்டியான தார் ரோட்டில் எத்தனை வருஷம் நடந்தாலும், கூட வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று தெரிவதில்லை.

புதன் மாலை ரங்கூன் தாமுவேயில் அவர்கள் வீட்டெதிரே வண்டி நின்றது. என் வீட்டுக்கு இன்னும் மூன்று மைல். என்னைக் கொண்டுபோய் விடுவதற்காக அவர் கியரில் கை வைத்தபடி காத்திருந்தார்.

"எஞ்சினை நிறுத்துங்க மாப்பிள்ளை," என்றேன். "பசிக்குது."