கொறங்காட்டைப் பாகம் பிரித்த வருஷம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். பாதி மறந்தும் போயிற்று. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் ஜனம் பெருகுகிறது, ஆளுக்கு வரும் விளைநிலம் சுருங்குகிறது என்று டிவியில் படம் போட்டுக் காட்டினார்கள். எனக்கு எங்கள் கொறங்காடுதான் கண்ணில் வந்து நின்றது.

வெள்ளகோவில் பக்கம் எங்கள் ஊர். மழையை நம்பிப் புல் வளர்த்து, சுற்றிலும் கிளுவை முள்ளை வேலியாக நட்டு, மாடுகளை உள்ளே மேயவிடும் காட்டைக் கொறங்காடு என்போம். தாத்தா இருந்தவரை எங்களுடையது ஒரே காடு. அவர் போன பிறகு பெரியப்பா, அப்பா, சித்தப்பாமார் இரண்டு பேர் என்று நாலாகப் பிரித்தார்கள். நடுவேலியை யார் மண்ணில் நடுவது என்று பேச்சு வந்தது. ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவரவர் பக்கம் அவரவர் கிளுவை நட்டார்கள். எல்லையெங்கும் இரட்டை வேலி, இடையில் மாடும் நுழையாத ஒரு சந்து. நிலம் பற்றாது என்று சண்டை போட்டவர்கள், இருந்ததிலும் கொஞ்சத்தை முள்ளுக்குக் கொடுத்தார்கள்.

கிளுவை தழைத்ததும் அந்தச் சந்துதான் எனக்கு விளையாட்டு வீடு. ஒரு நாள் அதற்குள் உட்கார்ந்திருந்தேன். வேலிக்கு அந்தப்புறம் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா அப்போது முழுகாமல் இருந்தாள்; எனக்கு மேல் ஒரு அண்ணன்.

"இருக்கறது நம்ம பையன் ஒருத்தனுக்கே பத்தாது. இன்னொருத்தனும் வந்தான்னா இதையும் பொளந்து வேலி போடோணும். பொறவு வேலிதான் மிஞ்சும்," என்றார் அப்பா.

"பொண்ணாக்கூட இருக்குமுங்க."

"பையனா இருந்தா?"



சில நாள் கழித்துப் பெரியம்மா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நானும் வருவேன் என்று அழுதேன்.

"பல்லுப் புடுங்கப் போறோம் அம்மணி. கூட வந்தியின்னா உனக்கும் புடுங்கிப்போடுவாங்க," என்றாள் பெரியம்மா. நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டேன்.

சாயங்காலம் வந்த அம்மா சுருண்டு படுத்தாள். வாயைக் காட்டச் சொன்னேன். கண்ணை மூடியபடியே திறந்து காட்டினாள். எல்லாப் பல்லும் அப்படியே இருந்தது. ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன்:

"ஒரு பல்லும் புடுங்கல. உங்களை நல்லா ஏமாத்திப்போட்டாங்க."

பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பாப்பாவைப் பற்றிக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பாவின் பங்கு பிளக்காமல் அண்ணனுக்கு வந்தது. அண்ணனுக்கும் ஒரே பையன். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை, ஊர்ப்பக்கம் வருவதில்லை. காட்டில் இப்போது மாடும் இல்லை, ஆளும் இல்லை.

அன்றைக்கு அம்மாவும் பெரியம்மாவும் பஸ் ஏறிப் போனது கரூரா, காங்கயமா என்று சரியாகத் தெரியவில்லை. அப்பா கடைசிவரை அண்ணனோடுதான் இருந்தார், ஏதாவது சொல்லியிருப்பார். அண்ணனிடம் கேட்க எனக்குக் கூச்சம். யாராவது கேட்டு, ஊர்ப் பெயரைத் திருத்திக் கொடுங்கள். அந்தப் பாப்பா பையன்தானா என்பதையும் கேளுங்கள்.