நைனா பார்த்த நம்பர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி வாக்கில் காஞ்சிபுரம் பேருந்திலிருந்து உத்திரமேரூரில் இறங்கினோம். என்னுடன் வந்த மேடம் அறுவை சிகிச்சை மருத்துவர். சண்டை நடக்கும் நாடுகளுக்குச் சம்பளம் வாங்காமல் நான்கு முறை போய் வந்தவர். நான் மயக்க மருந்து மருத்துவர். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எங்கள் குடியிருப்பின் முதல் டாக்டரும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

சூடான் எல்லையில் ஒரு கூடார மருத்துவமனைக்கு மூன்று மாதம் போக விண்ணப்பித்திருந்தேன். வீட்டாரை நேரில் பார்க்காமல் யாரையும் தன் குழுவில் சேர்ப்பதில்லை என்பது மேடத்தின் வழக்கம். சட்டப்படி எனக்கு யார் அனுமதியும் தேவையில்லை. ஆனால் என் அப்பா, நைனா, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்னால் விமானம் ஏற முடியாது.

சாலவாக்கம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மேடத்தின் முதுகுப்பையை நடத்துநர் ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா மேடம், கேம்ப்பா? போன தடவ வந்தவங்க போட்டோ புடிச்சிக்கினு போனாங்க. மாத்திரையத்தான் காணோம்."

மேடம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பெரிய பையோடு வருகிறவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பார்ப்பார்கள்.

சாலவாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ, தலைக்கு இருபது ரூபாய். ஏரிக்கரை முனையில் இறங்கி, நாற்று நட்ட வயல்களின் ஓரமாக அரை கிலோமீட்டர் நடந்தால் எங்கள் குடியிருப்பு.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அத்தை நலம் விசாரிக்கவில்லை. "வண்டிய எங்க நிறுத்திக்கீறாங்க?" என்றுதான் கேட்டார்.

"பஸ்ல வந்தோம் அத்த."

அவர் நம்பவில்லை, ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டே வந்தார். செங்கல் சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி, லாரியைக் கரைக்குப் பின்னால் மறைவாக நிறுத்திவிட்டு, வீடு வீடாக வந்து இனிக்கப் பேசுவான்.

"ஒண்ணும் காணோம். பஸ்ல வந்து ஆள் புடிக்கிறவங்கள இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு எங்கள் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அம்மா டீ கொடுத்தார். கூடாரம், இரவில் கேட்கும் வெடிச் சத்தம், தூக்கிவரப்படும் குழந்தைகள் என எதையும் மறைக்காமல் மேடம் சொன்னார். நைனா தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"சம்பளம் இல்லியா?"

"இல்லீங்க ஐயா. போக வர செலவு, சாப்பாடு எல்லாம் அவங்க பாத்துப்பாங்க."

"மேஸ்திரியே பரவால்ல போலக்கீதே" என்றார் அத்தை.

நைனா நிமிர்ந்தார். "உங்களுக்குப் புள்ளைங்க?"

"ஒரே பையன். எலும்பு டாக்டர்."

"அவரு வராரா?"

தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு சூளையில் வந்து தங்கும் மேஸ்திரியைத்தான் எங்கள் ஆட்கள் நம்புவார்கள். மேடத்துக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும் என்பதால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க. போன வருஷம் வரேன்னான். நான்தான் வேணாம்னேன். பயம்."

"எங்களுக்கு மட்டும் பயம் இருக்காதா?" நைனாவின் குரல் உயரவில்லை. மேடம் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

நான் பேசினேன். "நைனா, அவங்க என்னை இட்டுக்கினு போவ வரல. நான்தான் எழுதிப் போட்டேன். நல்லா யோசிச்சிக்கோன்னு சொன்னாங்க. மயக்கம் குடுக்க ஆள் இல்லன்னா ஆப்ரேஷனே நின்னுடும். அந்த வேல எனக்குத் தெரியும்."

"நீயா கேட்டியா?"

"நானாதான்."

சூளைக்குத் தானாகப் போய் இடம் கேட்டவரை அவர் கண்டதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார்.

சாலவாக்கம் வரை கூடவே வந்தார். பஸ் கண்ணில் பட்ட பிறகுதான் கேட்டார்.

"நீ போற பிளேனுக்கு நம்பரு கீதா?"

"கீது நைனா."

"கெளம்பறப்ப சொல்லு. நான் வந்து பாத்துக்கறேன்."

அவ்வளவுதான் சம்மதம். சூளை லாரி கிளம்பும்போது ஊரில் தங்குகிறவர்கள் அதன் பின்னால் நின்று நம்பரை மனப்பாடம் செய்வார்கள். போனவர்களிடமிருந்து சேதி வராவிட்டால் தேடிப் போக அது ஒன்றுதான் பிடி. நைனாவுக்கு எழுத்து தெரியாது, எண்கள் தெரியும்.

பஸ்ஸில் மேடத்திடம் கேட்டேன். "உங்க பையனை வேணாம்னீங்க. என்னை யோசிச்சிக்கோன்னு மட்டும் ஏன் மேடம் சொன்னீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அவருடைய கைகளை நான் நம்புகிறேன். அந்தக் கேள்வியையும் கூடாரத்துக்கு எடுத்துக்கொண்டுதான் போவேன்.

சாலவாக்கத்தில் எங்கள் பஸ் கிளம்பியபோதே நைனா அதன் பின்னால் நின்று, உதடு அசைய நம்பரைப் படித்துக்கொண்டிருந்தார். விமானத்தின் பின்னால் போய் நிற்க யாரையும் விடமாட்டார்கள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.