ஐந்தரைக் கட்டை

என் குரல் ஐந்தரைக் கட்டை. அவருடையது ஒன்றரை. தொண்ணூறுகளின் நடுவில், கோட்டைக்குள் எங்கள் தெருவில் சனிக்கிழமை சாயங்கால பஜனையில் நாங்கள் சேர்ந்து பாடினோம். சுருதிப் பெட்டியை அவர்தான் வைப்பார், தன் ஒன்றரையில்; எனக்கு அது ரொம்பத் தாழ்வு. கீழே இறங்கும் இடங்களில் என் குரல் வெறும் காற்றாகிப் போகும். "சேர்ந்து பாடறச்சே கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்பார். நானும் மண்டையை ஆட்டினேன். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்தானே என்ற நினைப்பு.

இரண்டு வருஷம் கழித்து, கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில், என் பஸ் வருகிறதா என்று பார்த்தபடியே சொன்னார்: பம்பாயில் பெண் பார்த்து நிச்சயமாகிவிட்டதாம். பஸ் வந்தது, ஏறி ஆபீஸ் போனேன். மத்தியானம் ஃபைல்களுக்கு நடுவே அழுதேன். அதன்பின் பஜனைக்குப் போகவில்லை. வீட்டில்கூட வாய் திறந்து பாடவில்லை. அழுததைவிட அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

நவராத்திரி வந்தது. எங்கள் விஷயம் எதுவும் தெரியாத அவர் அம்மா, குங்குமச் சிமிழோடு வந்து கொலுவுக்கு அழைத்தார். போகாவிட்டால் தெரு கண் காது மூக்கு வைத்துப் பேசும். அதுகூடப் போகட்டும், பயந்து ஒளிகிறேன் என்று எனக்கே தோன்றிவிடும். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன்.

கொலுவுக்கு வந்த பெண் பாடாமல் சுண்டல் வாங்க முடியாது, எங்கள் தெரு வழக்கம் அது. மாமி பாயை விரித்தார்.

"எப்பவும் போல ரெண்டு பேருமா பாடுங்கோ, கேட்டயா."

அவர் சங்கடத்தோடு வந்து உட்கார்ந்தார். ஆனால் கைப்பழக்கம் விடுமா? பெட்டியின் குமிழை ஒன்றரைக்குத் திருப்பினார். பம்பாய்ப் பெண்ணைப் பற்றிச் சொன்னபோதுகூட வராத கோபம் எனக்கு அப்போது வந்தது. கையை நீட்டி ஐந்தரைக்குத் திருப்பினேன்.

முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாவது வரியில் சுருதியில் நிலைத்து நின்றது. அவரும் சேர்ந்து பாடப் பார்த்தார். மேலே போகும் இடத்தில் எட்டாமல் இருமி, அப்புறம் தாளம் மட்டும் போட்டார். நான் மேல் ஷட்ஜத்தில் வேண்டுமட்டும் நின்றுவிட்டு, அவசரமில்லாமல் இறங்கினேன்.

சுண்டலோடு நான் கிளம்பியபோது அவர் வாசல்வரை வந்தார். "சுருதியைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்" என்றார்.

"ரெண்டு வருஷம் குறைச்சாச்சு. போறும்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை பஜனைக்கு நேரத்தோடு போய், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.