பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குக் கட்டம்

மனுஷர்களின் வாயிலிருந்து உண்மையை வாங்குவதைவிட கையிலிருந்து ரத்தம் வாங்குவது சுலபம்; எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு வேலையும் நடக்கிறது, எனக்கு மாட்டியது முதல் வேலை.

பிளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். ஏன் என்று கேட்காதீர்கள், கெமிஸ்ட்ரி. இப்போது தருமபுரியில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் ஃபாரம் எழுதுகிறேன். மார்பிலும் சினைப்பையிலும் வருகிற சில கேன்சர் பரம்பரையாக இறங்கி வருமாம். அதற்கு ஜீன் டெஸ்ட் எடுக்கும் முன்னால் குடும்பத்தைப் படமாக வரைய வேண்டும். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குக் கட்டம். கேன்சர் வந்தவருக்கு உள்ளே கருப்பு மை, செத்தவர் மேல் குறுக்காக ஒரு கோடு. சொந்தத்தில் கட்டியிருந்தால் நடுவில் ரெட்டைக் கோடு. டாக்டரம்மா பத்தே நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார். தாலுகா ஆபீஸ் வாசலில் அடுத்தவருக்கு மனு எழுதிக்கொடுத்துத் திட்டு வாங்கியவர்கள் இருந்தால், மேலே படியுங்கள்; நீங்கள் நம்ம ஆள்.

கட்டிக் கொடுத்தவள்

அதியமான்கோட்டையிலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். "உங்க குடும்பத்துல யாருக்காச்சும் கேன்சர் இருந்துச்சுங்களா?" என்றேன். யாருக்கும் இல்லை என்றார். கூடப் பிறந்தவர்களைச் சொல்லச் சொன்னேன். அண்ணன், தம்பி என்று ஐந்து கட்டம் போட்டேன். ஒரு வட்டம்கூட வரவில்லை.

"கூடப் பொறந்த பொம்பளைங்களே இல்லீங்களா?" "மூணு பேரு இருந்தாங்க. ஒருத்தி மார்ல கட்டி வந்து போய்ட்டா." பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன என்று கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவளத்தான் பாலக்கோட்டுக்குக் கட்டிக் குடுத்துட்டமே, அவ எப்படி எங்க குடும்பம் ஆவா?"

டைபாய்டு

இன்னொரு அம்மாவின் அக்கா வயிறு வீங்கிச் செத்துப்போனாராம். ஆபரேஷன் நடந்ததா? சேலத்தில் நடந்தது. முடி கொட்டியதா? ஒன்றுகூட நிற்கவில்லை. வெறும் வயிற்று வீக்கத்துக்கு யாரும் மொட்டை ஆவதில்லை என்று எனக்கே தெரியும். கருப்பு மை வைக்கப் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு ரெண்டு பொண்ணு நிக்குது பாப்பா, டைபாய்டுன்னு போட்டுக்கோ."

கேள்வி ஒருவருக்கு, பதில் இன்னொருவர்

சித்ரா அக்கா இண்டூர்க்காரர். முப்பத்திரண்டு வயது, ஒரே பெண் குழந்தை. போன வருஷம்தான் மார்பில் கேன்சர் ஆபரேஷன் ஆனது. ஜீன் டெஸ்டில் கேன்சர் ஜீன் இருக்கிறது என்று வந்தால், பின்னால் அங்கேயும் வராமல் இருக்கச் சினைப்பையை எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கூடவே மாமியார் வந்திருந்தார். நான் கேட்டதெல்லாம் அக்காவிடம், பதில் வந்ததெல்லாம் மாமியாரிடமிருந்து. பேரன் பிறக்காத வீட்டில் சினைப்பையை எடுப்பதா என்பது அவர் கட்சி. அக்கா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் வழியில் வந்தது என்று பார்க்கத்தான் இந்தப் படம் என்றேன்.

"இதுல பாக்கறதுக்கு என்ன இருக்குது, அவ பொறந்த வூட்டுச் சீக்கு; டெஸ்ட்ல வந்துச்சுன்னா அந்த வூட்டுக்கே அனுப்பிருவேன்."

ரெட்டைக் கோடு

சரி, பொறந்த வீட்டையே வரைவோம் என்று ஆரம்பித்தேன். சித்ரா அக்காவுக்கு வட்டம், மேலே அவர் அப்பாவுக்குக் கட்டம். அப்பா கூடப் பிறந்தவர்கள்? அக்கா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "ரெண்டு தங்கச்சிங்க. சின்னவங்க சினைப்பையில கேன்சர் வந்து செத்துட்டாங்க." கருப்பு மை, குறுக்குக் கோடு. பெரியவர்? அக்கா மறுபடி தரையைப் பார்த்தார். வீட்டுக்காரர் சொந்தமா என்று கேட்டேன். "அத்தை பையன்" என்றார். ரெட்டைக் கோடு போடப் போன பேனா நின்றுவிட்டது. அப்பாவின் அந்தப் பெரிய தங்கச்சி என் எதிரிலேயே, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, மாமியாராக உட்கார்ந்திருந்தார்.

சும்மா இருந்திருக்கலாம். அது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே வரவில்லை. "அவங்க பொறந்த வூடும் நீங்க பொறந்த வூடும் ஒண்ணுதானுங்களே," என்று படத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் அதை மேலிருந்து கீழாகப் பார்த்தார், கீழிருந்து மேலாகப் பார்த்தார். பிறகு நர்ஸ் ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டு என்மேல் புகார் சொன்னார்.

"நான் வாக்கப்பட்டு வந்து முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சுங்க, இந்தப் பாப்பா என்னய மறுக்கா கொண்டுபோய் அங்கயே வெக்குது!"

ரெண்டு ரிப்போர்ட்

சித்ரா அக்காவுக்கு அந்த ஜீன் இருக்கிறது என்றே வந்தது. அன்றைக்குத் துணிப்பையோடுதான் வந்திருந்தார். அனுப்பினால் அப்படியே பஸ் ஏறிவிடலாம் என்று. டாக்டரம்மா பையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். "உங்க ரிப்போர்ட்டும் வரட்டும், அதுவரைக்கும் யாரும் எங்கயும் போக வேண்டாம்," என்று சொல்லி அவர் கையிலும் ரத்தம் எடுக்கச் சொன்னார். மாமியார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார்.

சில வாரம் கழித்து அவருடையதும் வந்தது. அதே ஜீன். அவருக்கும் சினைப்பையை எடுக்க வேண்டும், மகனையும் டெஸ்டுக்குக் கூட்டிவர வேண்டும். வெளியே பெஞ்சில் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்ரா அக்கா அதை வாங்கி நேராகத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எந்திரிங்க அத்தை, பொறந்த வூட்டுக்கு ரெண்டு பேருமே சேர்ந்து போவலாம்."

ஸ்டெல்லா அக்கா சிரிப்பை அடக்க உள்ளே ஓடிவிட்டார். எனக்கு ஓட இடமில்லை, ஆபரேஷன் தேதி எழுத வேண்டும். பேனாவை எடுத்தேன். மாமியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"மொதல்ல அவளுக்குப் போடு பாப்பா, எனக்கு அடுத்த மாசம், ரெண்டு பேரும் ஒரே நாள்ல படுத்துட்டா வூட்ல எவன் சோறாக்குவான்?"

இப்போதெல்லாம் யார் வந்து உட்கார்ந்தாலும் கேன்சரைப் பற்றிக் கடைசியில்தான் கேட்கிறேன், முதல் கேள்வி கட்டிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான்.