மூன்று மாடிச் சீட்டி

எங்கள் வீடு மூன்றாவது மாடியில். என் வீட்டுக்காரர் தச்சர். பட்டறையிலிருந்து திரும்பும்போது கீழ்ப்படியில் சீட்டியடிக்கத் தொடங்குவார். எங்கள் வாசல் வரும்வரை நிறுத்தமாட்டார். சத்தம் கேட்டதும் நான் அடுப்பைப் பற்றவைத்தால், அவர் செருப்பைக் கழற்றும்போது டீ கொதித்திருக்கும். கட்டடமே அவரைச் ‘சீட்டிக்காரர்’ என்றுதான் கூப்பிடும். சட்டையில் தேக்கு வாசனை கமகமவென்று வரும். துவைக்க மனசில்லாமல் கொடியிலேயே விட்டுவைத்த சட்டைகள் உண்டு. அடடா, அது ஒரு காலம்!

இருமல் வந்தபோது பழைய புடவையைக் கிழித்து மூக்குக்குத் துணி தைத்துக் கொடுத்தேன். மனிதர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒருநாள் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோய்ப் பார்க்கிறேன்: மரம் அறுக்கும்போது துணி மூக்கில் இருக்கிறது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது கழுத்தில் தொங்குகிறது. தேய்த்த இடத்தில் முகத்தை வைத்து ‘ஃபூ’ என்று ஊதிப் பார்க்கிறார்.

“ஏங்க, அத எதுக்குக் கழட்டுனீங்க?”

“அறுக்கறப்ப தூள் மூஞ்சியில அடிக்குது, கட்டிக்கிறேன். இது வெறும் மாவும்மா, என்ன பண்ணிடப் போவுது?”

அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

“பெரிய தூள் மூக்குலயே நின்னுடும். நைஸா இருக்கிறதுதான் நெஞ்சுக்குள்ள போய் உக்காரும்” என்று, இருமல் நிற்காமல் போய்க் காட்டியபோது டாக்டர் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த உப்புத்தாளாலேயே என் வீட்டுக்காரர் முதுகைத் தேய்த்திருப்பேன்!

அதற்குள் சீட்டி இரண்டாவது மாடியோடு நின்றுபோயிருந்தது. பிறகு முதல் மாடியோடு. கடைசியில் செருப்புச் சத்தம் மட்டும்தான். அதுவும் நடுநடுவே நின்றுவிடும். மறுபடி கேட்கும்வரை அடுப்படியில் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

“பட்டறையா, நானா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க” என்று ஒருநாள் சண்டைக்கு நின்றேன்.

“பட்டறை டீ வாயில வைக்க விளங்காது” என்றார். மறுநாள் உளியையும் இழைப்புளியையும் கூட வேலை செய்தவரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்போது கடைகண்ணிக்குப் போவது நான்தான். அவர் மருந்து உறிஞ்சுகிற குழாயும் கையுமாக வீட்டில் இருக்கிறார். நேற்று காய்கறிப் பையோடு கீழ்ப்படியில் நின்றேன். என்ன தோன்றியதோ, உதட்டைக் குவித்து ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது. விடுவேனா? ஊதி ஊதிக் கீச்கீச்சென்று ஏதோ ஒன்று வந்தது. அதோடு மூன்று மாடியும் ஏறினேன். எதிர்வீட்டு அம்மாள் ஒரு மாதிரி பார்த்தாள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

“கண்றாவியா இருக்கு” என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

உள்ளே அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது.