கடைசிக் கொடிக்கு முன்னால்

முற்றிய மூங்கில் கம்பு ஈரப் பந்தில் படும்போது ஒரு சத்தம் வரும், காதுக்கு எட்டுமுன் நெஞ்சில் இடிக்கிற சத்தம். ஏப்ரல் மழை கொஞ்சம் ஓய்ந்து, புல்லும் சுண்ணாம்புத் தூளும் கலந்து மணக்கும் சாயங்காலங்களில், ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் 'பெரட்டுக்களத்துக்கு'க் கீழிருந்த மைதானத்தில் அந்தச் சத்தத்துக்காகவே வாயைப் பிளந்துகொண்டு நின்றவள் நான். இப்போது கண்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். அங்கே எல்லோருக்கும் கிரிக்கெட் பைத்தியம். உனக்கு எந்த அணி பிடிக்கும் என்று கேட்பவர்களிடம் 'மேக்கணக்கு' என்று சொல்வேன். அவர்கள் விழிப்பார்கள். விழிக்கட்டும்.

எங்கள் தோட்டம் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. பேச்சில் அவை மேக்கணக்கும் கீக்கணக்கும். வருசப்பிறப்பு முடிந்ததும் இரண்டு கணக்குப் பெண்களும் 'எல்லே' ஆடுவார்கள். ஆட்டம் எளிது. அடிக்கிறவளுக்கு அவள் பக்கத்துக்காரி ஒருத்தியே பந்தை எறிந்து கொடுப்பாள். மூன்று தரம் எறிவதற்குள் அடித்துவிட்டு, நான்கு கொடிகள் நட்ட பாதையைச் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். எதிர்ப் பக்கத்தார் பந்தைப் பொறுக்கி ஓடுகிறவளின் உடம்பில் எறிந்து அடித்துவிட்டால் அவள் அவுட். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் பாதைக்கு வெளியே கால் வைத்தாலும் அவுட். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் கேடயம் போன வருசம் ஜெயித்தவர்களிடமே இருக்கும் என்பது எங்கள் தோட்டத்துச் சட்டம். அந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ, அவர்கள் கீக்கணக்கில் பிறந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஏனென்றால் நாங்கள் ஜெயித்ததே இல்லை. ஒரு வருசம் எங்கள் பக்கத்துப் பந்து பிடிக்கும் பெண்கள் இருவர் மழைத் தண்ணீர் ஓடும் 'கானு'க்குள் ஒன்றாக விழுந்தார்கள். இன்னொரு வருசம் கங்காணி வீட்டு நாய் பந்தைக் கவ்விக்கொண்டு தேயிலைக்குள் போய்விட, அதைத் துரத்திப் பிடிப்பதற்குள் கீக்கணக்குக்காரிகள் ஒவ்வொருத்தியாகச் சுற்றி வந்துவிட்டார்கள். "நம்ம கணக்குக்கு ஓடத் தெரியும், கொண்டாரத் தெரியாது" என்று பெரியவர்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போவார்கள். நான் மட்டும் ஒவ்வொரு தரமும் வயிறு நோக அழுவேன். தோற்கிற அணியை நேசிப்பது ஒரு நோய், சின்ன வயதில் பிடித்தால் விடாது.

என் அக்கா சரோஜா ஆட வந்த பிறகுதான் எங்களுக்கு நம்பிக்கை பிறந்தது. அவள் அடித்தால் பந்து மேல்மலைத் தேயிலைக்குள்தான் விழும். ஆனால் அவளுக்குக் கமலா எறிந்து கொடுக்க வேண்டும். பக்கத்து லயத்து வரிசைவீட்டுக் கமலா பந்தைத் தோளளவு உயர்த்தி விடுவாள், அது ஒரு கணம் அந்தரத்தில் நிற்பது போல நின்று இறங்கும். வேறு யார் எறிந்தாலும் அக்கா தடுமாறுவாள்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருசம் மழையால் போட்டி தள்ளிப் போனது. தள்ளிப் போய், மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய வாரத்தில் வந்து விழுந்தது. அக்காவின் கையில் காப்பு இருந்தது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அதற்கு முந்தைய பருவத்தில் கொழுந்து பறிக்கப் போன இடத்தில் குளவிக் கூடு கலைந்து அம்மாவைக் கொட்டிவிட்டது. முகம் வீங்கி, கண் மூடி, ஆளே அடையாளம் தெரியாமல் கண்டி ஆஸ்பத்திரியில் அம்மா கிடந்தபோது, பிழைத்து வந்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று அக்கா நேர்ந்துகொண்டாள். அம்மா பிழைத்து வந்தாள். நேர்ந்ததைச் செய்யாமல் விட்டால் கொடுத்த உயிரை ஆத்தா திருப்பிக் கேட்பாள் என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். அதை நான் அப்படியே நம்பினேன்.

அதே வாரத்தில் கமலாவின் சித்தப்பா இறந்துபோனார். கமலாவுக்குத் தீட்டு. காப்புக் கட்டியவள் அவளைத் தொடக் கூடாது, அவள் தொட்டதும் மேலில் படக் கூடாது. இரண்டு கணக்குப் பெரியவர்களும் பேசி ஒரு வழி கண்டார்கள். மற்றவர்களுக்குக் கமலா எறியலாம். அக்காவின் முறை வரும்போது மஞ்சள் தண்ணீரில் நனைத்த தனிப் பந்தைப் புஷ்பம் என்கிற பெண் எறிவாள். கோவில் ஒன்று, சாமி ஒன்று என்பதால் கீக்கணக்கும் இதற்கு ஒப்புக்கொண்டது.

ஆட்டம் என்றுமில்லாதபடி நெருங்கிப் போனது. எங்கள் பக்கம் எல்லோரும் ஆடி முடித்து அக்கா ஒருத்தி மட்டும் மிஞ்சியபோது இரண்டு பக்கமும் சமம். அக்கா ஒரு சுற்று ஓடி வந்தால் கேடயம் எங்களுக்கு. அவளுக்குப் பின்னால் ஆள் இல்லாததால் நடுவில் எந்தக் கொடியிலும் நின்று இளைப்பாற முடியாது. நான் அம்மாவின் பக்கத்தில் நின்று அவள் சேலையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தேன். புஷ்பம் எறிந்தாள், பந்து காலடியில் விழுந்தது. மறுபடி எறிந்தாள், அக்கா வீசிய கம்பு வெறுங்காற்றை வெட்டியது. இன்னும் ஒரு பந்துதான்.

எங்கள் ஆட்கள் "கமலாவைப் போடு, கமலாவைப் போடு" என்று கத்தத் தொடங்கினார்கள். கமலா தலையை ஆட்டிக்கொண்டு பின்னால் போனாள். "நான் எறிய மாட்டேன். ஏதாச்சும் ஆனா என் தலையிலதான் விடியும்" என்றாள். நடுவராக நின்ற கணக்கப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பூசாரியைப் பார்த்தார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பூசாரி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கம்புல படட்டும், கம்புக்குத் தீட்டு கெடையாது. ஆனா பந்து மேலுல பட்டுச்சுன்னா காப்ப அறுத்துறணும். பால்குடம் இல்ல. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் என்னையக் கேக்கக் கூடாது."

மைதானம் முழுவதும் அதைக் கேட்டது. அம்மா, "வேணாம்டி சரோசா" என்றாள், ஆனால் அவள் குரல் எனக்கு மட்டுமே கேட்கிற அளவுக்குத்தான் வந்தது. அக்கா எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கமலாவிடம், "எறி" என்றாள்.

என் வாழ்நாளில் பார்த்த நல்ல காட்சி எது என்று கேட்டால் அடுத்து நடந்ததைத்தான் சொல்வேன். கமலாவின் கையிலிருந்து பந்து எழும்பி, அந்தரத்தில் நின்று, இறங்கியது. கம்பு பட்ட சத்தம் எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. பந்து பிடிப்பவர்களின் தலைக்கு மேலே, வேலியைத் தாண்டி, மேல்மலைத் தேயிலைக்குள் போய் மறைந்தது. எங்கள் கணக்கே எழுந்து நின்று கூவியது. அக்கா முதல் கொடியைக் கடந்தாள், இரண்டாவதைக் கடந்தாள். தேயிலைக்குள் புகுந்த பெண்கள் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது கொடியை அவள் தொட்டபோது மேலேயிருந்து பந்து பறந்து வந்தது. ஒருத்தி பிடித்தாள், அடுத்தவளுக்கு எறிந்தாள், அது கடைசிக் கொடிக்குப் பக்கத்தில் நின்ற ராஜியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

கீக்கணக்கு ராஜி எறிந்தால் தப்பாது. பறக்கிற மைனாவையே அடிப்பாள் என்பார்கள். அவள் பந்தை வைத்துக்கொண்டு கையை ஓங்கினாள். அக்கா அவளுக்கு நேர் எதிரே, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் ஓடி வந்துகொண்டிருந்தாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் கேடயத்தை மறந்துவிட்டேன். அந்தப் பந்து அக்காவின் மேலில் பட்டால் அம்மா செத்துப்போவாள் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஆத்தா, ஆத்தா என்று முணுமுணுத்தபடி கண்ணை மூடப் போனேன், ஆனால் மூட முடியவில்லை.

அக்கா நின்றாள். ராஜியைப் பார்த்தாள். பிறகு சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் பாதைக்கு வெளியே போய் நின்றாள்.

கணக்கப்பிள்ளை விசில் ஊதினார். ஆட்டம் சமம், கேடயம் கீக்கணக்குக்கு.

அதுதான் என் மிக மோசமான நினைவு. பந்து பறந்த அந்த நல்ல நேரத்துக்கும் இதற்கும் நடுவில் ஒரு சுற்று ஓட்டம்தான் இருந்தது. பயம் தெளிந்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. எனக்கு மட்டுமா? "மாரியாத்தா காப்பு மேல யாராச்சும் பந்த எறிவாளா? ராஜி சும்மா கையத்தான் ஓங்குனா. இவ பயந்து கெடுத்துட்டா" என்று லயம் முழுக்கப் பேசினார்கள். அம்மா கேட்டதற்கு மட்டும் அக்கா, "கால் வழுக்கிருச்சு" என்றாள். மழை பெய்த மைதானம், வழுக்கியிருக்கலாம்தான். ஆனால் நான் பார்த்தேன், வழுக்கவில்லை. திருவிழாவில் அவள் பால்குடம் தூக்கிப் போனபோது நான் அவள் பக்கத்தில் நடக்காமல், பின்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். கல்யாணம் கட்டி, பிள்ளைகள் பெற்று, அவள் தலை நரைக்கத் தொடங்கிய பிறகும், வாய்ச்சண்டை வந்தால் நான் கடைசியாக எடுத்து வீசுவது அந்த ஓட்டத்தைத்தான். அவள் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

போன மாதம் ஒரு வேலையாக வத்தேகமவுக்குப் போனேன். சந்தையில் எனக்குப் போஞ்சிக்காய் நிறுத்துக்கொண்டிருந்த பெண், "நீ மேக்கணக்கு சரோசா தங்கச்சிதானே" என்றாள். ராஜி. கண் மட்டும் அப்படியே இருந்தது. கீழ்க்கணக்கை மூடி வெகுநாளாகிறது என்று அவள்தான் சொன்னாள். லயங்கள் இடிந்து காடு மண்டிக் கிடக்கின்றனவாம். கணக்கு ஒன்றாகிவிட்ட பிறகு யாரோடு யார் ஆடுவது? மைதானத்தில் யூக்கலிப்டஸ் நட்டிருக்கிறார்கள். பெண்கள் விடிந்தால் காமெண்ட் தையல் ஆலைக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். அந்தக் கேடயம் எங்கே போனதென்று அவளுக்கும் தெரியவில்லை. எத்தனையோ வருசம் அவளுடைய கணக்கு நாசமாய்ப் போக வேண்டும் என்று சாமி கும்பிட்டவள் நான். அது போய்விட்டது என்று கேட்டபோது சந்தோசப்பட முடியவில்லை.

பேச்சை மாற்றுவதற்காக, "அன்னைக்கி நீங்க எறிஞ்சிருக்க மாட்டீங்கதானே அக்கா? எங்கக்காதான் கெடுத்துட்டா" என்றேன்.

ராஜி தராசைக் கீழே வைத்தாள்.

"யாரு சொன்னா? எறியத்தான் ஓங்குனேன். அந்த நேரத்துல எனக்குக் காப்பும் தெரியல, ஆத்தாளும் தெரியல, கேடயந்தான் தெரிஞ்சிச்சு. இன்னும் ஒரு எட்டு வச்சிருந்தாள்னா போட்டிருப்பேன். சரோசா என் கண்ணப் பாத்தா. பாத்துட்டுத்தான் வெளிய போனா." கொஞ்ச நேரம் போஞ்சியைத் தள்ளித் தள்ளி அடுக்கினாள். பிறகு, "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இருக்காங்க. அக்காகூடத்தான்."

"சரி" என்றாள். பையில் இன்னொரு கைப்பிடி போஞ்சியை அள்ளிப் போட்டாள்.

கட்டுகஸ்தோட்டைக்கு பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறாமல் அக்காவுக்குப் போன் எடுத்தேன். ராஜியைப் பார்த்ததையும் அவள் சொன்னதையும் சொன்னேன்.

"அத அம்மாகிட்ட சொல்லிறாத" என்றாள் அக்கா.

அவளுக்குப் பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. காயப்போட்ட நெல்லைக் கோழி கிளறியதற்காக யாரையோ சத்தம் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தாள். பஸ் புறப்பட்டுப் போனது. நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அந்தத் திட்டையே கேட்டுக்கொண்டு நின்றேன்.