மவுண்ட் அல்பேர்ட்டில் ஒரு டொச் வகுப்பு

ஒக்லாந்துக்கு வந்த புதிதில் கணவரைத் தவிர வேறு ஒருவரோடும் நான் ஒரு முழு வசனம் கதைத்ததில்லை. கதைக்க மனம் இருந்தது, மொழிதான் இல்லை. பதினைந்து வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு ஜேர்மனியில் இருந்த அண்ணாவிடம் போய்ச் சேர்ந்தவள் நான். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த ஓர் ஊரில் பள்ளிக்கூடம் போய், பிறகு அங்கேயே ஒரு பேக்கரியில் வேலை பார்த்தேன். ஜேர்மன் மொழியை எங்கள் ஆட்கள் டொச் என்று சொல்வார்கள். அந்த டொச் எனக்குத் தமிழுக்கு அடுத்தபடி நாக்கில் ஒட்டிவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில் கலியாணம் பேசி நியூசிலாந்துக்கு வந்து இறங்கினால், இங்கே டொச்சை வைத்து ஒரு இறாத்தல் பாண்கூட வாங்க முடியாது. இங்கிலிஷோ, ஊரில் எட்டாம் வகுப்புவரை படித்ததோடு சரி. கடையில் விரலால் காட்டித்தான் சாமான் வாங்குவேன்.

கணவருக்கு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியப் போனால் இருட்டத்தான் வருவார். நாங்கள் ரானுயியில் வாடகைக்கு இருந்தோம். ஒரு நாள் ஹெண்டர்சனில் சாமான் வாங்கிக்கொண்டு ரெயினில் திரும்பி வரும்போது, ரெயின் சடாரென்று பிரேக் போட்டது. என் கையிலிருந்த பை கிழிந்து உருளைக்கிழங்கெல்லாம் பெட்டி முழுக்க உருண்டு ஓடியது.

"மிஸ்ட்!" என்று கத்திவிட்டேன். எருக் குவியல் என்று அர்த்தம். ஜேர்மன் சனம் எரிச்சல் வந்தால் சொல்லும் சொல்.

எதிர் இருக்கையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி குனிந்து, தன் சப்பாத்துக்குப் பக்கத்தில் கிடந்த கிழங்கை எடுத்து நீட்டினார். ஐம்பது வயது தாண்டியிருக்கும். மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"இவ்வளவு கிழங்கு கொட்டினதுக்கு அந்தச் சொல் காணாதே. இன்னும் காரமான சொல் இருக்கல்லோ?" என்று கேட்டார். அச்சொட்டான டொச்சில்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கிழங்கைப் பொறுக்கிக்கொண்டே அழுதேன், அழுதுகொண்டே கதைத்தேன். ரானுயி வருவதற்குள் என் முழுக் கதையும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் மவுண்ட் அல்பேர்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டொச் படிப்பிக்கும் ரீச்சராம். நான் இறங்கும்போது, "எங்கட பள்ளிக்கூடத்துக்கு ஒரு துணை ஆசிரியை தேவை. பிள்ளைகளோட டொச் கதைக்க வேணும், அவ்வளவுதான். வாறீங்களா?" என்றார்.

"எனக்கு இங்கிலிஷ் தெரியாதே."

"அதுதான் எனக்கு வேணும்!" என்று பள்ளிக்கூட விலாசம் எழுதிய ஒரு துண்டை என் கையில் திணித்தார். கதவு மூடிக்கொண்டது.

இரவு கணவரிடம் சொன்னேன். சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நியூசிலாந்தில வெள்ளைக்காரப் பிள்ளையளுக்கு யாழ்ப்பாணத்துப் பிள்ளை டொச் படிப்பிக்கப் போகுதோ?"

"பகிடி பண்ணாதேங்கோ. போகட்டோ, வேண்டாமோ?"

"போய்த்தான் பாருமன். ஆக மிஞ்சினால் என்ன, திரும்பி வாறதுதானே."

பெப்ரவரி வெயிலில் முதல் நாள் போனேன். பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருபது பேர் இருந்த வகுப்பு. வாசலில் ரீச்சர் என்னை நிறுத்திவைத்து, பிள்ளைகளிடம் இங்கிலிஷில் ஏதோ சொன்னார். எல்லோருடைய முகமும் மாறியது. பிறகு எனக்கு விளக்கினார். "இவவுக்கு இங்கிலிஷ் தெரியாது. என்ன கேக்கிறதெண்டாலும் டொச்சிலதான் கேக்க வேணும். இல்லையெண்டால் பேசாமல் இருங்கோ எண்டு சொன்னன்."

அப்படி ஒரு யோசனையை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. எதை நான் குறை என்று நினைத்து வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தேனோ, அதை அந்த மனுசி எனக்குத் தகுதியாக்கி வகுப்புக்கு முன்னால் நிறுத்தினார். அன்றைக்கே அவர்மேல் எனக்கு ஒரு பெரிய மதிப்பு வந்துவிட்டது.

பிள்ளைகளுக்கு என்னைப் பற்றி அறிய ஆசை. பொட்டைக் காட்டினார்கள், தோட்டைக் காட்டினார்கள். ஆனால் கேட்க வாய் வரவில்லை. அகராதியைப் புரட்டினார்கள், ஒருவரோடொருவர் குசுகுசுத்தார்கள். கடைசியில் ஒரு பெடியன் எழும்பி, "உங்களுக்கு... மீன்... பிடிக்குமா?" என்று கேட்டான். ஏன் மீன் என்று எனக்கு விளங்கவில்லை. அவனுக்குத் தெரிந்த சொல் அதுதான் போலிருக்கிறது. "ஓம், சரியாப் பிடிக்கும். உறைப்பாக் கறி வைச்சுச் சாப்பிடுவன்" என்று டொச்சில் சொன்னேன். கறி என்ற சொல் விளங்கியதும் வகுப்பு முழுக்கக் கை தட்டியது.

டொச்சில் சில வசனங்களில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். பிள்ளைகளுக்கு அது பெரிய தலையிடி. என் தாய்மொழியில் எப்போதுமே அப்படித்தான் என்று ஒரு நாள் ரீச்சரிடம் தற்செயலாகச் சொன்னேன். அவர் சோக்கட்டியை என் கையில் தந்துவிட்டார். "நான் நேற்று மீன் வாங்கினேன்" என்று பலகையில் தமிழில் எழுதினேன். ரீச்சர் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே டொச் சொல்லை எழுதச் சொன்னார். பிறகு கதிரையில் உட்கார்ந்து, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தன் கொப்பியில் அந்தத் தமிழ் எழுத்துகளைப் பார்த்து வரைந்தார். 'மீ'யின் சுழியில் அவருக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது.

குளிர்காலம் தொடங்கும் காலத்தில் பிள்ளைகள் இறந்தகாலம் படித்து முடித்திருந்தார்கள். சமோவாக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று முன்வரிசையில் இருக்கும். அதிகம் வாய் திறக்காது. அன்று கை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக அடுக்கிக் கேட்டது: "நீங்கள் ஏன் உங்கள் நாட்டை விட்டுப் போனீர்கள்?"

நான் ரீச்சரைப் பார்த்தேன். விருப்பமில்லாவிட்டால் சொல்ல வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினார். சொல்லத்தான் வேண்டும்போல எனக்கு இருந்தது. பிள்ளைகளுக்கு விளங்கக்கூடிய சின்னச் சின்ன வசனங்களாகச் சொன்னேன். "எங்கள் ஊரில் சண்டை நடந்தது. அப்பா பயந்தார். என்னை அனுப்பினார். நான் தனியாகப் போனேன். அங்கே பனி கொட்டியது. நான் செருப்புப் போட்டிருந்தேன்."

வேறெந்த மொழியிலும் அதை அவ்வளவு நேராக நான் சொன்னதில்லை. தமிழில் சொல்லத் தொடங்கினால் இடையில் நின்றுவிடுவேன்.

அந்தச் சமோவாப் பிள்ளைதான் திரும்பவும் கை உயர்த்தியது. "என் அப்பாவும் இங்கே வந்தபோது அவரிடம் சப்பாத்து இல்லை" என்றது. அந்த டொச் வசனத்தில் ஒரு வேற்றுமை உருபு பிழைத்துவிட்டது. எந்தப் பிழையையும் விடாத ரீச்சர் அன்று அதைத் திருத்தவில்லை.

அந்தத் தவணை முடிவில் பெற்றோரைச் சந்திக்கும் மாலை ஒன்று வைத்தார்கள். ரீச்சருக்குப் பக்கத்தில் நானும் ஒரு கதிரையில் இருந்தேன். ஒரு தகப்பன் வந்து மகனைப் பற்றிக் கதைத்துவிட்டு, என்னையும் ஒருக்கால் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டார். 'ரியல் ஜேர்மன்' என்ற இரண்டு சொற்கள் எனக்கு விளங்கின. மிச்சம் விளங்கத் தேவையில்லை. ரீச்சர் சிரித்துக்கொண்டே நீளமாக ஒரு பதில் சொன்னார். தகப்பனும் சிரித்தார். போகும்போது எனக்குக் கை தந்துவிட்டுத்தான் போனார்.

"என்ன சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவர் தன் கதையைச் சொன்னார். இருபத்திரண்டு வயதில் அவரும் நியூசிலாந்திலிருந்து ஜேர்மனியில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, இங்கிலிஷ் படிப்பிக்கும் துணை ஆசிரியையாகப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு என்று ஒருவரும் சொல்லாததால், முதல் ஞாயிறு முழுக்க பிஸ்கட்டையே சாப்பிட்டுக்கொண்டு அறைக்குள் இருந்தாராம். பிறகு ஒரு தகப்பன் அதிபரிடம் போய் முறைப்பாடு செய்திருக்கிறார். இந்தப் பிள்ளை கதைக்கிற இங்கிலிஷ் இங்கிலாந்து இங்கிலிஷ் மாதிரி இல்லையே, உண்மையான இங்கிலிஷ்காரர் ஒருவரும் கிடைக்கவில்லையா என்று.

"அதிபர் என்ன சொன்னவர்?"

"உங்கட மகன் மகாராணியோட மட்டும்தான் கதைக்கப் போறானோ எண்டு கேட்டவர். இண்டைக்கு நானும் அதையே கொஞ்சம் மாத்திச் சொன்னன்."

இரண்டு பேரும் அந்த மண்டபத்திலேயே வாய்விட்டுச் சிரித்தோம். பிறகு அவர் எழும்பி நின்று, மரியாதையாகக் கை நீட்டி, "இனி எங்களுக்குள்ள 'நீங்கள்' வேண்டாம்" என்றார். ஜேர்மன் வழக்கம் அது. இரண்டு பெரியவர்கள் ஒத்துக்கொண்டால், அன்றிலிருந்து, 'நீ'க்கும் 'நீங்கள்' என்பதற்கும் நடுவில் நிற்கும் எங்கள் ஊர் 'நீர்' மாதிரி ஒரு சொல்லால் பேசிக்கொள்ளலாம். கையைக் கொடுத்துவிட்டேன். ஆனால் அவருக்கு என் அம்மாவின் வயது, அதுவும் ஒரு ரீச்சர். எனக்கு அந்தச் சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. பெயரும் சொல்லாமல், நீரும் சொல்லாமல், நீங்களும் சொல்லாமல், நெளிந்து நெளிந்து பல வாரம் சமாளித்தேன்.

ஓகஸ்ட்டில் ஜேர்மனியிலிருந்து ஒரு கல்வி அதிகாரி வகுப்பைப் பார்வையிட வந்தார். கழுத்துப்பட்டி கட்டிய, அமைதியான மனிதர். பிள்ளைகள் கதைப்பதைக் கேட்கக் கேட்க அவருடைய வாய் கோணிக்கொண்டு போனது. கடைசியில் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "நீங்கள் எல்லாரும் எந்தச் சுரங்கத்தில் வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டார். எனக்கு முகம் சிவந்தது. நான் இருந்த அந்தச் சுரங்க ஊரில், 'அது' என்று அர்த்தம் வரும் 'டஸ்' என்ற சொல்லை 'டட்' என்றுதான் சொல்வார்கள். நானும் அறியாமல், பிள்ளைகளும் அறியாமல், அது இருபது வாய்க்குள்ளும் புகுந்துவிட்டது. ரீச்சர் கொஞ்சமும் தயங்கவில்லை. "அங்க போய் இறங்கினால் இவையளை வீட்டுப் பிள்ளையள் எண்டு நினைப்பினம்" என்றார் பெருமையாக. தானும் சுரங்க ஊர்க்காரர்தான் என்று வந்தவர் பிறகு எனக்குச் சொன்னார். ஊரை விட்டு வெளியேறிப் படித்தபோது அந்த 'டட்'டை விட்டுவிட்டாராம்.

செப்டெம்பரில் ரீச்சருக்குத் தடிமன் பிடித்துக் குரல் அடியோடு போய்விட்டது. அப்படியும் பள்ளிக்கூடம் வந்துவிட்டார். வாசலில் நின்று வாயை அசைக்கிறார், காற்றுத்தான் வருகிறது. எனக்குக் கோபமே வந்தது.

"நீர் போய் அந்தக் கதிரையில இரும். வாயைத் திறக்கக் கூடாது. நான் பாத்துக்கொள்ளுறன்!" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் கண்ணை அகல விரித்து, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து, நாடகக்காரி மாதிரி ஒரு வணக்கம் போட்டார். பின்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

அன்று வகுப்பை முதன்முதலாக நான் தனியே நடத்தினேன். பாண் சுடுவது எப்படி என்று பாடம். மாவுக்கும் ஈஸ்டுக்கும் உப்புக்கும் டொச் சொல் எனக்கு மற்ற எல்லாச் சொல்லையும்விட நன்றாகத் தெரியும். கையை ஆட்டி ஆட்டிப் பிசைந்து காட்டினேன். பிள்ளைகள் மேசையில் காற்றைப் பிசைந்தார்கள். பின்வரிசையில் ரீச்சரும் கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு பிசைந்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் மூன்று வருடம் இருந்தேன். என் மூத்தவள் பிறந்தபோதுதான் விட்டேன். அதற்குள் பிள்ளைகளிடம் இருந்தே இங்கிலிஷும் பிடித்துக்கொண்டேன். இடைவேளையில் மட்டும் இங்கிலிஷ் கதைக்கலாம் என்று ரீச்சர் பிறகு ஒரு சலுகை தந்திருந்தார். மகளைப் பார்க்க அவர் ஆசுப்பத்திரிக்கு வந்தார். தொட்டிலுக்கு மேலே குனிந்து, நான் எழுதிக் கொடுத்து அவர் பாடமாக்கிக்கொண்டு வந்த ஒரு தமிழ் வசனத்தைச் சொன்னார். "சின்னப் பிள்ளை, சுகமாய் இரும்" என்றார். நான் எழுதிக் கொடுத்தது 'இரு' என்றுதான்; கைப்பிள்ளையை யாராவது 'இரும்' என்பார்களா? என் கணவர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் திருத்தவில்லை.